கோதண்டம் டிஃபென்ஸ்

ஒரு குதிரை ஒரே தாவலில் எதிராளியின் ராணியையும் யானையையும் சேர்த்து மடக்குகிறது. இரண்டில் ஒன்று போயே தீர வேண்டும். மடக்கியவர் ஜெயிக்க வேண்டும் என்பது நேற்று ஆட்டம் கற்றுக்கொண்ட பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. துர்கா அந்த இடத்துக்கு இரண்டு வருடங்களில் இரண்டு முறை வந்து சேர்ந்தாள். இரண்டு முறையும் தோற்றாள். ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தோற்றதைக்கூட விட்டுவிடலாம். தோற்கடித்தவர் கோதண்டபாணி என்பதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

சதுரங்கம் ஆடாதவர்களுக்கும் இது புரியும். புரியாத அளவுக்கு இதில் ஒன்றும் இல்லை. ஆட்டம் தொடங்கும்போது ராஜாவின் ஒரு பக்கம் ராணி, மறுபக்கம் மந்திரி. அந்த மந்திரிக்கு முன்னால் நிற்கிற சிப்பாய்தான் மொத்தப் படையிலும் அநாதை. மற்ற சிப்பாய்களுக்கெல்லாம் யானையோ குதிரையோ மந்திரியோ ராணியோ துணை இருக்கிறது. இதற்கு ராஜா ஒருவர்தான் காவல். ராஜா காவலுக்கு நிற்கிற வீடு எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் வெள்ளைக் காய் ஆடுகிறவர் கொஞ்சம் சூட்டிகையாக இருந்தால் தன் மந்திரியையும் குதிரையையும் நான்கே நகர்த்தலில் அந்த அநாதையை நோக்கித் திருப்பிவிடுவார். கறுப்புக்காரர் பதறிப்போய் நடுவில் ஒரு சிப்பாயைத் தள்ளி, மந்திரியின் வழியை அடைப்பார். உலகம் முழுவதும் நடப்பது இதுதான்.

கோதண்டபாணி பதற மாட்டார். தன் வீட்டில் திருடன் நுழைவதைப் பார்த்துக்கொண்டே திருடன் வீட்டுக்குக் கிளம்புகிறவர் அவர். தன் மந்திரியை வெளியே கொண்டுவந்து, வெள்ளையின் அநாதைச் சிப்பாயைக் குறிவைத்து நிறுத்திவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொள்வார். துர்காவின் குதிரை அவருடைய அநாதையைத் தின்று ராணியையும் யானையையும் மடக்கும். அவர் அதைக் கண்டுகொள்ளவே மாட்டார். அவருடைய மந்திரி துர்காவின் அநாதையைத் தின்று செக் சொல்லும். சும்மா கொடுக்கிற மந்திரி, ராஜாவால் அடித்துக்கொள்ளலாம். அடித்தால், அவருடைய குதிரை நடுவில் நிற்கும் சிப்பாயைத் தின்று மறுபடி செக். ராஜா ஒதுங்குவதற்குள், மடங்கிக் கிடந்த ராணி குறுக்குச் சாலையில் பறந்து வந்து பலகையின் ஓரத்தில் நின்றுவிடும். அடுத்த அடி மேட். அதைத் தடுக்கத் துர்கா ஒரு சிப்பாயைத் தள்ளினால் குதிரை அதையும் தின்னும். அவள் குதிரையின் வாயில் இருந்த யானை மெதுவாக மூலையிலிருந்து நடந்து வந்து முற்றுகையில் சேர்ந்துகொள்ளும். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவனையே இலையில் வைத்துப் பரிமாறுவதுபோல.

இதை அவர் எங்கோ படித்திருக்க வேண்டும். நூறு வருடமாகப் புத்தகங்களில் இருக்கிற ஆட்டமாகத்தான் இருக்கும். ஆனால் துர்காவிடம் இருந்த ஒரே புத்தகம், கறுப்புக்காரர் நடுவில் சிப்பாயைத் தள்ளுவதோடு நிறுத்திக்கொண்டது. விழுப்புரம் நூலகத்தில் இருந்த இன்னொன்றில் அந்தப் பக்கத்தையே காணோம். ஆகவே கோதண்டபாணி அதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார். கோதண்டம் டிஃபென்ஸ். ராமர் கையில் இருந்த வில்லாம்.

அவர் யார் என்று சொல்ல வேண்டும். திண்டிவனம் பேருந்து நிலையத்துக்கு எதிரில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். தென்னாற்காடு இரண்டாகப் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது, இந்த ஊரில் பலபேர் ஒரே நாளில் பெரிய மனிதர்கள் ஆனார்கள். பழைய மாவட்டத்தில் நெய்வேலிக்காரர்களும் கடலூர்க்காரர்களும் ஆடிய பலகைகளுக்குப் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவர், புது மாவட்டத்தில் சாம்பியன் ஆனார். ஆட்டம் மாறவில்லை, எல்லைக்கோடுதான் மாறியது. மாவட்டச் சதுரங்கக் கழகத்தின் அதிகாரபூர்வப் புகைப்படக்காரரும் அவரே. இந்த இரண்டு பதவியையும் சேர்த்து அவர் ஒரு வழக்கத்தை உண்டாக்கியிருந்தார்: ஜெயித்தவுடன் எழுந்து கேமராவை எடுத்து, தோற்றவரை அப்படியே பலகையைப் பார்த்தபடி உட்காரச் சொல்லி ஒரு படம் பிடிப்பார். மரியாதைக்குக் கட்டுப்பட்டு எல்லாரும் உட்கார்ந்தார்கள். கழகச் செயலாளர் வேங்கடேசனே இரண்டு முறை உட்கார்ந்திருக்கிறார்.

துர்கா விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். கல்லூரி அணிக்கு ஆடியவள். 94-இல் தோற்றபோது, என்ன நடந்தது என்று இன்னும் புரியாமல், தாடையில் கைவைத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் 'அப்படியே இரு தங்கச்சி' என்றார். அவள் அப்படியே இருந்தாள். அது அவள் செய்த தவறுகளில் இரண்டாவது.

அந்தப் படம் ஸ்டுடியோவின் ஷோகேஸுக்குப் போயிற்று. மாலையும் கழுத்துமாய் நின்ற ஒரு மாப்பிள்ளை பெண்ணுக்கும், குப்புறக் கிடந்து தலையைத் தூக்கிய ஒரு குழந்தைக்கும் நடுவில், தாடையில் கைவைத்த துர்கா. கீழே ஸ்டிக்கர் எழுத்தில்: 'கோதண்டம் டிஃபென்ஸில் திணறும் விழுப்புரம் வீராங்கனை.'

இது வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஒரு வாரத்தில் மறந்துபோகும். ஆனால் துர்காவின் கணவன் அரசப்பன் விழுப்புரம்–திண்டிவனம் பேருந்தில் கண்டக்டர். விக்கிரவாண்டி, கூட்டேரிப்பட்டு என்று நிறுத்தி நிறுத்திப் போய்த் திண்டிவனத்தில் திரும்புகிற வண்டி அந்த ஷோகேஸைத் தாண்டித்தான் நிலையத்துக்குள் நுழைய வேண்டும். டிரைவர் வேண்டுமென்றே அங்கே ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுப்பார். "அரசப்பா, உன் ஊட்டம்மா இன்னும் யோசனை பண்ணிக்கினுதான் கீறாங்க" என்பார். முன் சீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் எட்டிப் பார்ப்பார்கள். அவள் பள்ளிப் பிள்ளைகள் நான்கு பேர் அந்த வண்டியில்தான் வந்தார்கள். வகுப்பில் அவள் கரும்பலகையைப் பார்த்துத் தாடையில் கைவைத்தால், பின்பெஞ்சில் சிரிப்பு.

சரி, அரசப்பனாவது ஆறுதலாக இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அவனுக்கும் சதுரங்கம் தெரியும், அதுதான் கோளாறு. அவன் மண்டகப்பட்டுக்காரன். அங்கே கற்றுக்கொண்ட ஆட்டத்தை டெப்போ ஓய்வறையில் ஆடிக்கொண்டிருந்தான். அந்த ஆட்டத்தில் ராஜாவுக்கு ஒரு சலுகை உண்டு: ஆயுளில் ஒரே ஒரு முறை குதிரைபோலத் தாவலாம். ஆனால் அதற்கு முன் ஒரு செக் வாங்கிவிட்டால் அந்தச் சலுகை போய்விடும். ஆகவே டெப்போவில் ஆட்டம் ஆரம்பித்ததும் எல்லாரும் முதலில் செய்வது, எதையாவது கொண்டுபோய் எதிராளியின் ராஜாவுக்கு ஒரு செக் வைப்பது. பயன் உண்டா, அடுத்து என்ன என்றெல்லாம் கிடையாது. அதற்குக் 'கால் கட்டுறது' என்று பெயர்.

கல்யாணமான புதிதில் துர்கா அவனோடு ஒரே ஒரு ஆட்டம் ஆடினாள். பதினைந்தே நிமிடத்தில் மேட் வைத்தாள். அவன் ராஜாவை எடுத்து, குதிரைபோல் அவள் யானையின் தலைக்கு மேல் தாண்டி வைத்தான். அவள் பலகையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் ரொம்ப நிதானமாக, தவறு அவளுடையதுதான் என்று விளக்கினான்.

"முன்னாடியே ஒரே ஒரு செக்கு வெச்சி கால் கட்டியிருந்தா என் ராஜா தாண்டியிருக்க முடியுமா? நீ காலேஜில படிச்சி இன்னா புண்ணியம்?"

தொலைந்துபோன சிப்பாய்க்குப் பதிலாக ஒரு மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வைத்து ஆடுகிறவன் அவன். ஆட்டம் முடிவதற்குள் அந்தச் சிப்பாயை உரித்துத் தின்றும்விடுவான். அதற்குப் பிறகு அவனோடு அவள் ஆடவில்லை. கல்லூரியில் அவளுக்குப் பயிற்சி கொடுத்தவர் முதல் நாளே சொல்லியிருந்தார்: வைக்க முடிகிறது என்பதற்காகச் செக் வைப்பவன் ஆட்டக்காரன் அல்ல. அவளும் தன் மாணவர்களுக்கு அதையே சொன்னாள். தேவையில்லாமல் செக் வைத்த பிள்ளையை எழுப்பி நிற்க வைப்பாள். அந்த வார்த்தையை உரக்கச் சொல்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

95-இல் அவள் தயாராக வந்தாள். போன முறை மந்திரியை அடித்ததால்தானே ராஜா வெளியே இழுக்கப்பட்டார்? இந்த முறை அடிக்காமல் ராஜாவை ஒரு கட்டம் பக்கவாட்டில் நகர்த்தினாள். கோதண்டபாணி கொட்டாவி விட்டார். தன் ராணியை ராஜாவுக்கு முன்னால் ஏற்றிவைத்துவிட்டு, மூலை யானையை அவளுக்கே தானமாகக் கொடுத்தார். குதிரை அதைத் தின்றது. தின்ற இடத்திலேயே மாட்டிக்கொண்டது. மூலையில் இருக்கும் குதிரைக்கு வெளியே வர இரண்டே வழி. ஒன்றில் அவருடைய ராணி கண் வைத்திருந்தது, மற்றதில் ஒரு சிப்பாய். அவளுடைய குதிரை மூலையில் வயிறு நிறைந்து நிற்க, மீதிப் படை ராஜாவைக் காப்பாற்ற ஆளில்லாமல் செத்தது. கேமரா வந்தது. இம்முறை துர்கா எழுந்து போய்விட்டாள். அவர் அவளுடைய காலி நாற்காலியைப் படம் பிடித்தார். அதுவும் ஷோகேஸுக்குப் போயிற்று, பழைய படத்துக்குப் பக்கத்தில். 'முதல் வருடம், மறு வருடம்.'

ஒரு சனிக்கிழமை அவள் ஸ்டுடியோவுக்கே போனாள். பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் தோளை நிமிர்த்திக்கொண்டிருந்தார் கோதண்டபாணி. அவளைக் கண்டதும் வேலையை நிறுத்தவில்லை. படங்களை எடுத்துவிடுங்கள் சார் என்று அவள் கேட்டாள். அவர் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாமல், தன் டிஃபென்ஸைப் பற்றிப் பெரியவரிடம் விளக்கத் தொடங்கினார். அந்தப் பெரியவர் தாடையை ஆட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விளக்கத்தில் ஏன் என்கிற ஒரு சொல்கூட இல்லை என்பதைத் துர்கா கவனித்தாள். இது போகும், அது வரும், அப்புறம் மேட். அவ்வளவுதான். ரயில் நிலையத்தில் ஊர்ப்பெயர்களை வரிசையாகச் சொல்லுகிற குரல்போல இருந்தது. அந்த ஊர்களுக்கு ஒருநாளும் அந்தக் குரல் போனதில்லை.

கடைசியில் அவளிடம் திரும்பினார். "அடுத்த வருசம் டோர்னமெண்ட் திண்டிவனத்துலதான். வந்து என் டிஃபென்ஸை ஒடச்சிக் காட்டு, அன்னிக்கே ரெண்டு படத்தையும் எடுத்துடறேன். பயமா இருந்தா வேற ஓப்பனிங் ஆடு தங்கச்சி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். படம் மட்டும் அங்கதான் இருக்கும்."

வேறு ஓப்பனிங் ஆடி ஜெயித்தால் படம் இறங்காது. அதே வாசல் வழியாக நுழைந்தே ஜெயிக்க வேண்டும். ஆறு மாதம் அவள் வேறு எதையும் யோசிக்கவில்லை. குதிரை அடித்த பிறகு ராஜாவை இடது பக்கம் கொண்டுபோனால்? நடுவுக்கே நடத்திப்போனால்? யானைக்குப் பதில் ராணியைத் தின்றால்? ஒவ்வொரு கிளையின் நுனியிலும் அவருடைய குதிரை ஒன்று உட்கார்ந்து செக் சொல்லிக்கொண்டிருந்தது.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கோதண்டபாணியின் மந்திரி வெளியே வந்து நிற்கிற அதே நிலையில் பலகை தரையில் இருந்தது. அரசப்பனுக்கு அன்று டியூட்டி இல்லை. அவித்த மல்லாட்டைக் கிண்ணத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்து, யார் ஆட்டம் என்று கேட்டான். வெள்ளை என்றாள். அவன் இரண்டு வினாடிகூடப் பார்க்கவில்லை. வெள்ளை மந்திரியை எடுத்து, அநாதைச் சிப்பாயைத் தட்டிவிட்டு அங்கே வைத்தான்.

"செக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நல்ல சிரிப்பு அல்ல. குதிரையால் அடித்தால் ராணியும் யானையும் ஒன்றாக மாட்டும் என்பதைப் பச்சைக் குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"இருக்கட்டுமே" என்றான் அரசப்பன். "கால் கட்டிட்டேன்ல? இனி அவன் எங்க தாண்டுவான்?"

"இது டெப்போ இல்ல."

"எந்த ஊரா இருந்தா இன்னா, ராஜாவுக்குக் காலு ரெண்டுதான்."

அவள் காய்களைத் திரட்டிப் பெட்டியில் போட்டாள். அவற்றோடு இரண்டு மல்லாட்டைத் தோலும் உள்ளே போயிற்று.

96 ஜூனில் திண்டிவனத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டி நடந்தது. கடைசிச் சுற்றில் இருவரும் சந்தித்தார்கள். வெள்ளை துர்காவுக்கு விழுந்தது. கோதண்டபாணி பலகைக்குப் பக்கத்தில் கேமராவை வைத்து, ஃப்ளாஷைப் பொருத்தி, அது எரிகிறதா என்று அவள் முகத்துக்கு நேரே ஒருமுறை சோதித்தார். வேங்கடேசன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் கடிகாரங்களைச் சரிபார்த்தார். சுற்றிலும் பதினைந்து பேர் கூடினார்கள். அவர்களில் பாதிப்பேர் ஷோகேஸைப் பார்த்துவிட்டு வந்தவர்கள்.

முதல் நான்கு நகர்த்தல் மளமளவென்று ஓடிற்று. அவருடைய மந்திரி வெளியே வந்து நின்றது. அவர் சாய்ந்துகொண்டார்.

துர்காவின் கை குதிரையை நோக்கி நகர்ந்தது. தொட்டால் ஆடியாக வேண்டும் என்பது விதி. தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது, அவளுக்கு எதிரில் இன்னொரு கையும் நகர்வதைக் கண்டாள். அவருடைய கை. அவள் இன்னும் குதிரையைத் தொடவே இல்லை, அதற்குள் அவர் தன் மந்திரியை எடுக்கத் தயாராகக் கையைக் கொண்டுவந்துவிட்டார். பலகையைக்கூட அவர் பார்க்கவில்லை. ஜன்னலில் பேருந்து நிலையத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

இவருக்கு ஒரே ஒரு பாதைதான் தெரியும் என்று அவளுக்குத் தோன்றியது. எவ்வளவு அற்பம் என்பதோடு நிறுத்தியிருந்தால் அதுவும் பழைய எரிச்சலாகவே போயிருக்கும். ஆனால் அவள் கணக்கு டீச்சர். ஒரு பாதைதான் என்றால் அதில் எந்தக் கல்லை எடுத்தால் மொத்தமும் சரியும் என்று பார்க்க வேண்டும். முடிவிலிருந்து பின்னோக்கி வந்தாள். மேட் வைப்பது ராணி. அந்த ராணி பலகை ஓரத்துக்குப் பறக்கிற குறுக்குச் சாலை, அவருடைய ராஜாவுக்கு நேர் முன்னால் இருக்கிற கட்டத்தைத் தாண்டித்தான் போகிறது. அதற்கு முந்தைய அடி, நடுச் சிப்பாயைத் தின்று செக் சொல்லும் குதிரை. அந்த நடுச் சிப்பாயை யார் காப்பது? யாருமில்லை. யாருமில்லையா? இப்போது இந்த நிமிடத்தில் காவல் இருக்கிறதே. அவளுடைய குதிரை. முன்னேறி வந்து நிற்கிற அந்த இடத்திலிருந்தே, திரும்பிப் பார்த்தபடி, அது நடுச் சிப்பாயைக் காத்துக்கொண்டிருந்தது. இரண்டு வருடமாக அந்தக் காவல்காரனைத்தான் அவளே விருந்துக்கு அனுப்பியிருக்கிறாள்.

அப்படியானால் குதிரை நகரக்கூடாது. குதிரை நகரக்கூடாது என்றால் அநாதைச் சிப்பாயை அடிக்க இன்னொரு ஆள்தான் உண்டு. அவள் அந்த மந்திரியைப் பார்த்தாள். அதை நகர்த்தினால் அது ஒரு செக். வெறும் செக். டெப்போ செக். அரசப்பன் மல்லாட்டை தின்றுகொண்டே வைத்த செக்.

அதைத் தொட அவளுக்குக் கை வரவில்லை. அவளுடைய பயிற்சியாளரும், எழுந்து நின்ற மாணவர்களும், அவள் ஏளனம் செய்த டெப்போவும் சேர்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. ஒன்றை மட்டும் சரிபார்த்தாள்: மந்திரியை ராஜா திருப்பி அடிக்க முடியாது, குதிரை அதற்கும் காவல். ராஜா நகர்ந்தே ஆக வேண்டும். நகர்ந்த ராஜா இனி ஒருநாளும் யானைக்குப் பின்னால் கோட்டை கட்டி ஒளிய முடியாது. அது டெப்போ விதி அல்ல, உலக விதி. கால் கட்டுவது என்று அவர்கள் சொன்னது எதற்கென்றே தெரியாமல் சொன்ன உண்மை. அவர்கள் எல்லா நேரமும் வைத்தார்கள். நின்றுபோன கடிகாரமும் அந்த ஒரு நிமிடத்தில் சரியாகத்தான் காட்டுகிறது.

மந்திரியால் அடித்தாள்.

கூட்டத்தில் யாரோ 'ச்ச' என்றார்கள். கோதண்டபாணி ஜன்னலிலிருந்து திரும்பினார். பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

"இது டீக்கடை செக்கும்மா. உங்க ஊட்டுக்காரு சொல்லிக் குடுத்தாரா?"

அவள் கடிகாரத்தின் பொத்தானை அழுத்தினாள். அவர் ராஜாவை ஒரு கட்டம் முன்னால் வைத்தார், தன் ராணிக்கு வழி விடுகிறோமா அடைக்கிறோமா என்று பார்க்காமலே. அடைத்தார். அவள் மந்திரியைப் பத்திரமாகத் தன் பக்கத்துக்கு இழுத்துக்கொண்டாள். இப்போதாவது அவர் நிறுத்தி யோசித்திருந்தால், ஒரு சிப்பாய் குறைவாக, ஓடிக் களைத்த ராஜாவோடு, கொஞ்ச நேரமாவது தாக்குப்பிடித்திருக்கலாம். ஆனால் கை ஏற்கெனவே பழகியிருந்தது. மூன்று வருடமாக ஊர் ஊராக இதே இடத்தில் இதே காயை எடுத்து வைத்த கை. மந்திரியைத் தூக்கி அவளுடைய அநாதைச் சிப்பாயின் மேல் ஓங்கி வைத்தார். செக் என்று உரக்கச் சொன்னார். துர்காவின் ராஜா அதை அடித்தார். கோதண்டபாணி தன் குதிரையைத் தூக்கி நடுச் சிப்பாயின் மேல் ஓங்கி வைத்தார். மறுபடியும் செக்.

துர்காவின் குதிரை திரும்பி வந்து அந்தக் குதிரையைத் தின்றது.

கோதண்டபாணி கொஞ்ச நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒரு வெள்ளைக் குதிரை எப்படி வந்தது என்று அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. அவருடைய கதையில் அந்த நேரத்தில் அது மூலைக்குப் பக்கத்தில் எங்கோ இருக்க வேண்டும். ராணியை எடுக்கக் கை போயிற்று. குறுக்குச் சாலையின் முதல் கட்டத்திலேயே சொந்த ராஜா நின்றுகொண்டிருந்தார். கை திரும்பியது. தாடைக்குப் போயிற்று. பிறகு அது எங்கே இருக்கிறது என்று உணர்ந்து, சட்டென்று கீழே இறங்கியது.

ஒரு மந்திரியும் ஒரு குதிரையும் குறைய, இன்னும் பதினெட்டு முறை காய் நகர்த்தினார். அதைச் சொல்ல ஒன்றுமில்லை. வேங்கடேசன் முடிவை எழுதிக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர், 'படம் எடுக்கலையா சார்' என்று மரியாதையாகத்தான் கேட்டார். கோதண்டபாணி ஃபிலிம் தீர்ந்துவிட்டதாகச் சொன்னார். ஃப்ளாஷைக் கழற்றி உறையில் போட்டபோது, இது தன் டிஃபென்ஸே இல்லை, இன்றைக்குத் தான் வேறு ஏதோ ஆடிவிட்டதாக, யாரும் கேட்காமலே விளக்கிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு படம் சார்" என்றாள் துர்கா. "ஞாபகம் இருக்கட்டும்."

திங்கட்கிழமை சாயங்காலம் அரசப்பன் டியூட்டி முடிந்து வந்தான். ஷோகேஸில் மாப்பிள்ளை பெண்ணும் குழந்தையும் மட்டும்தான் மிஞ்சியிருப்பதாகவும், நடுவில் இரண்டு வெளுத்த சதுரம்தான் இருக்கிறது என்றும் சொன்னான். டிரைவர் பழக்கத்தில் அங்கே மெதுவாகப் போனாராம், பார்க்க ஒன்றும் இல்லாமல் பேஜாராகிப் போனாராம். பிறகு எப்படி ஜெயித்தாய் என்று கேட்டான்.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சொன்னால் நாளைக்கே டெப்போ முழுவதும் தெரியும். விழுப்புரம் மாவட்டத்தின் சதுரங்கத்தைத் தூக்கி நிறுத்தியவன் தான்தான் என்று டிக்கெட் கிழித்துக்கொண்டே சொல்லுவான். ஆனால் ஒன்று எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு அதை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவளால் முடிந்ததே இல்லை.

பலகையை இறக்கி வைத்தாள். காய்களோடு மல்லாட்டைத் தோல் இரண்டும் விழுந்தன.

"நீங்க வெச்ச செக்குதான்" என்றாள். "ஆனா அது ஏன்னு உங்களுக்குச் சத்தியமா தெரியாது."

"கால் கட்டுனா—"

"பேசாம பாருங்க."

அவன் பலகைக்கு நெருங்கி உட்கார்ந்தான். அவள் ஒவ்வொரு காயாக வைத்து, மெதுவாக, கடைசிப் பெஞ்சுக்கும் கேட்கும்படி சொன்னாள். அந்தச் சிப்பாயைக் குதிரையால் அடிக்கக்கூடாது. மந்திரியால் அடித்துச் செக் வைத்து, மந்திரியைத் திரும்ப இழுத்துக்கொள்ள வேண்டும். ராஜா தன் ராணியின் வழியை அடைத்துக்கொள்வார். நகராத குதிரை நடுச் சிப்பாயைக் காக்கும், அதைத் தின்ன வருகிற குதிரையையும் தின்றுவிடும்.